கண்ணாடிப் பெட்டியில் ஆட்டுப் புழுக்கை

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அகராதிப் பிரிவின் கதவைத் திறந்த அசில்கான், வழக்கம்போல முதலில் கண்ணாடிப் பெட்டியைத்தான் பார்த்தாள். நேற்று மாலை வரை அதற்குள் ஓர் ஈய ஆடு இருந்தது. கட்டைவிரல் அளவு. இப்போது அதே நீல வெல்வெட்டின் மேல், ஆடு படுத்திருந்த அதே குழியில், ஓர் ஆட்டுப் புழுக்கை இருந்தது.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. கண்ணாடியில் கீறல் இல்லை. பெயர்ச் சீட்டுகூடக் கோணவில்லை. 'குத். ஈயம். அத்-பாஷி வட்டாரம்' என்று அது புழுக்கையைப் பற்றி மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒன்பது பத்துக்குத் துணை இயக்குநர் மாரத் வந்தார். பிஷ்கெக் நகரத்து நாலாவது மாடியில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கிருந்தே கிர்கிஸ் மொழியின் பெருமையைக் காப்பாற்றி வருபவர். பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"யாரும்மா உள்ள உலர்ந்த திராட்சையைப் போட்டது?"

"பாய்கே" என்றாள், அண்ணனை அழைக்கும் மரியாதையோடு. "அது திராட்சை இல்ல."

"பின்ன?"

சொன்னாள். மாரத் நீட்டிய விரலை மெதுவாகக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அசில்கான் அவரிடம் கேட்காமலே போலீஸுக்குப் போன் செய்தாள். மொழி ஆய்வு நிறுவனத்தின் வரலாற்றில் அனுமதி இல்லாமல் நடந்த முதல் காரியம் அதுதான். திருட்டுகூட இரண்டாவதாகத்தான் பேசப்பட்டது.

காலை 9.45.

கேப்டன் ஷாயிர்குல் வந்தார். வயது நாற்பத்தெட்டு. நாரின் பக்கத்து இடையர் வீட்டுப் பெண். குற்றவாளிகளை மிரட்ட மாட்டார். எதிரே உட்கார்ந்து டீ குடிப்பார். மூன்றாவது கோப்பையில் அவர்களே தாங்க முடியாமல் பேசிவிடுவார்கள்.

"என்ன காணோம்?"

"குத்" என்றாள் அசில்கான்.

"எந்தக் குத்?"

இந்தக் கேள்வியை அகராதிப் பிரிவில் கேட்டிருக்கக் கூடாது. பிரிவுத் தலைவர் பேராசிரியர் ஜுமகாசி தொண்டையைச் செருமினார். அந்த ஒற்றை அசைச் சொல்லுக்குப் பதினோரு பக்கம் எழுதியவர் அவர். அன்று மாலை ஐந்து மணிக்கு, மந்திரி கையால் வெளியாக இருந்த அகராதித் தொகுதியில் ஆக நீளமான பதிவு அது.

"பழைய கல்வெட்டுல அது வானம் அரசனுக்குக் கொடுக்கிற பேறு. குத் இருந்தாத்தான் அரசன், இல்லேன்னா வெறும் குதிரைக்காரன். வடக்கே யாகூத் மக்களுக்கு அது உயிர். துருக்கியில இன்னிக்கும் வாழ்த்துச் சொல்றப்போ அந்தச் சொல்லோட பிள்ளைதான் வாயில வருது. மங்கோலியர்கள் வாங்கி, வால் ஒட்டி, புனிதம்னு வெச்சுக்கிட்டாங்க. கஸாக்குகளுக்கு வளம், மந்தை பெருகுறது. வேர் எங்கேன்னு கேட்டா…"

"வேர் இங்கதான்" என்றார் மாரத். "எல்லாரும் நம்மகிட்ட இருந்து எடுத்ததுதான். டெல்லியில ஒரு கோபுரமே நம்ம சொல்லுல நிக்குது."

"அது அரபுச் சொல், மாரத்."

"முன்னுரையில அச்சாயிடுச்சே அகாய்." ஆசிரியரை அழைக்கும் அந்த மரியாதைச் சொல்லை மாரத் அழுத்திச் சொன்னார்.

"அப்ப சரி" என்றார் பேராசிரியர்.

கேப்டன் பொறுமையாகக் கேட்டார். "இதுல காணாமப் போனது எது?"

"நாலாவது பொருள்" என்றாள் அசில்கான். "மந்தையோட நலத்துக்காகப் பட்டியில வைக்கிற ஈய உருவம். நாற்பது கிராம்."

"அப்பாடா. எடை இருக்கிற பொருள் ஒண்ணு கிடைச்சுது. சரி, புழுக்கை எதுக்கு?"

அசில்கான் தலை குனிந்தபடி, அக்காவிடம் பேசும் மரியாதையோடு சொன்னாள். "அது மூணாவது பொருள், எஜே. கூடாரத்து உச்சித் துளை வழியா அடுப்புக்குள்ள சிவப்பா, கொழகொழன்னு ஒரு கட்டி விழுமாம். நல்லவங்க கையில எடுத்தா அது குத். கெட்டவங்க கையில எடுத்தா சாணியாயிடும்."

பெட்டியின் பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்டவள் அசில்கான். ஆட்டை வெல்வெட்டில் எடுத்து வைத்தவளும் அவள்தான். அது யார் கையில் புழுக்கையானது என்று எல்லோரும் மனதுக்குள் ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டு, நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மாரத் மட்டும் நாகரிகம் பார்க்கவில்லை. "அஞ்சு மணிக்கு மந்திரி வர்றார். அதுக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும் கேப்டன். வேற பேர் கிடைக்கலேன்னா பொறுப்புல இருந்த பேர்தான். திருட்டுன்னு எழுதிக் கூட்டிட்டுப் போங்க."

"சாவி?"

"நாட்காட்டிக்குப் பின்னாடி, ஆணியில" என்றாள் அசில்கான்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"நாட்காட்டியில தேதி பார்க்கிற எல்லாருக்கும்."

கேப்டன் பக்கத்து அலமாரிகளைத் திறந்து பார்த்தார். மொழிப் பொருள்கள் என்ற பெயரில் சவுக்கு, கரண்டி, குதிரைமுடிக் கயிறு எல்லாம் இருந்தன. குறி பார்க்கிற புழுக்கைகள் ஒரு துணிப்பையில். அவற்றை மேசையில் கொட்டி எண்ணினார். குறிக்கு நாற்பத்தொன்று வேண்டும் என்பது அவர் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாற்பதுதான் இருந்தன.

"வெளியாள் வேலை இல்ல" என்றார். "வெளியாள்னா தெருவிலிருந்து கொண்டு வந்திருப்பான்."

காலை 10.30.

பேராசிரியர் ஜுமகாசியின் அறை. அறுபத்தாறு வயது. நாற்பது வருடமாகச் சொற்களை அடக்கம் செய்து வருபவர். முதல் கோப்பை டீ.

"நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க அகாய்?"

"ஆறு மணி வரைக்கும் இங்க. ஹங்கேரியிலிருந்து வந்த ஆய்வாளர் லாயோஷுக்கு இந்தப் பெட்டியைக் காட்டினேன். வாயைப் பிளந்து பார்த்தார். இன்னிக்கு ஒரு மணி விமானத்துல ஊருக்குப் போறார்."

"நீங்க அந்த ஆட்டைக் கையில எடுத்தீங்களா?"

"எப்பவும் இல்ல. கண்ணாடிக்கு வெளியே நின்னு பார்த்ததோட சரி. நான் ஆய்வாளன் கேப்டன், பக்தன் இல்ல. ஈயத்தைக் கும்பிடறதெல்லாம் என் பாட்டனாரோட போச்சு."

"உங்க பதிவைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

அவர் எழுந்தார். மேல் தட்டிலிருந்து தொகுதியை எடுக்கக் கையை உயர்த்தினார். பழுப்புக் கோட்டின் கீழ்விளிம்பு புரண்டு, வெளிர் மஞ்சள் உள்துணி தெரிந்தது. அதில் இரண்டு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஓர் இழுப்பு.

"பென்சிலா அகாய்?"

அவர் குனிந்து பார்த்தார். "கண்ணு கூர்மைதான். பென்சில்தான். நான் பேனாவைத் தொடறதில்ல."

மேல்பையில் மூன்று பென்சில்கள் குத்தியிருந்தன. மேல்பை சுத்தமாக இருந்தது.

கேப்டன் பக்கத்தைப் புரட்டினார். நாலாவது பொருளுக்கு முன்னால் ஒரு குட்டிச் சிலுவை.

"இது என்ன?"

"வழக்கொழிந்ததுன்னு அர்த்தம். அந்தப் பொருள் செத்துப்போச்சு."

"தொகுதி எப்ப அச்சுக்குப் போச்சு?"

"செப்டம்பர்ல."

"அந்த ஆடு எப்ப இங்க வந்தது?"

பேராசிரியர் டீயில் சர்க்கரையைக் கலக்கினார். அவர் சர்க்கரை போட்டிருக்கவில்லை.

"அக்டோபர்ல. அந்தப் பொண்ணு எங்கிருந்தோ கொண்டு வந்தா. ஒரே ஒரு உருப்படி. ஒரு குருவி வந்தா வசந்தம் வந்துடுமா?"

"குருவி உயிரோட வந்ததா அகாய்?"

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். கேப்டனும் மூன்றாவது கோப்பைக்குக் காத்திருக்கவில்லை.

காலை 11.00.

தாழ்வாரத்து பெஞ்சில் கல்முர்ஸா உட்கார்ந்திருந்தார். அத்-பாஷி இடையர். தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி, மடியில் ஒரு ரொட்டிப் பொட்டலம். ஈய ஆடு அவருடையது. ஒரு மாத இரவல் முடிந்து, திரும்ப வாங்கிப் போக ராத்திரி முழுக்க வேனில் வந்திருந்தார். சனிக்கிழமை மந்தை குளிர்கால மேய்ச்சலுக்கு இறங்குகிறது. அதற்கு முன் ஆடு பட்டியில் இருந்தாக வேண்டும். காலை ஒன்பதரை வரை காவலாளி அவரை வாசலுக்கு உள்ளேயே விடவில்லை. தொப்பியைக் கழற்றச் சொல்லிச் சண்டை.

பக்கத்தில் அசில்கான் நின்றிருந்தாள். உட்காரத் துணியவில்லை.

"பாய்கே, சத்தியமா நான் எடுக்கல."

"நீ எடுத்தேன்னு நான் சொன்னேனா மகளே?" கல்முர்ஸா ரொட்டியைப் பிட்டு அவளிடம் நீட்டினார். "ஆனா புழுக்கையாயிடுச்சாமே. உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையேன்னுதான் யோசிக்கிறேன்."

ரொட்டி அவள் கையிலேயே இருந்தது.

கேப்டன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "இவ கேட்டதும் கொடுத்துட்டீங்களா அண்ணே?"

"எங்க! மூணு நாள் வந்து உக்காந்தா. சாணம் அள்ளினா, பால் கறந்தா. ஒவ்வொண்ணுக்கும் இதுக்கு என்ன பேரு, அதுக்கு என்ன பேருன்னு கேட்டே என் பெண்டாட்டியைப் பைத்தியமாக்கினா. கடைசியில, 'நான் பொறுப்பு பாய்கே, என் வார்த்தை'ன்னா. பட்டணத்துல வார்த்தைன்னு சொல்ற ஆளை அன்னிக்குத்தான் பார்த்தேன். சரின்னு ஆட்டோட மூஞ்சியைத் துடைச்சிட்டுக் கொடுத்தேன்."

"எதால துடைச்சீங்க?"

அவர் இது என்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தார். தன் அங்கியின் கீழ்விளிம்பைப் புரட்டிக் காட்டினார். உள்பக்கம் சாம்பல் கறை. "வேற எதால? ஈயம், தேய்ச்சா கறுக்கத்தான் செய்யும். நீங்க எந்த ஊரு?"

"நாரின் பக்கம். எங்கம்மா கடைசி மாட்டை வித்தப்போ அதோட எச்சிலை இப்படித்தான் பாவாடை விளிம்புல துடைச்சுக்கிட்டா. மாட்டை வாங்கினவன் சிரிச்சான்."

"சிரிக்கட்டும். பொருள் போகலாம், குத் போகக் கூடாது."

கேப்டன் எழுந்து நின்றார். பிறகு தாழ்வாரத்தின் கோடிக்கு நடந்து, விமான நிலையக் காவல் பிரிவுக்குப் போன் செய்தார்.

பிற்பகல் 3.00.

அகராதிப் பிரிவு. மாரத், ஜுமகாசி, அசில்கான், கல்முர்ஸா. கீழ்த் தளத்தில் விருந்துக்கு ஆடு வெந்துகொண்டிருந்த வாசனை படிக்கட்டேறி வந்தது.

"ரெண்டு கேள்வி" என்றார் கேப்டன். "புழுக்கையை வெச்சது யாரு? ஆடு எங்க போச்சு? முதல் கேள்வி சுலபம். எடுத்தவன் சும்மா எடுத்துட்டுப் போயிருக்கலாம். மெனக்கெட்டு புழுக்கை வெச்சிருக்கான்னா அவனுக்கு மூணாவது பொருள் தெரியும். மாரத் பாய்கே, நீங்க தப்பிச்சீங்க."

"நான் ஏன்…"

"நீங்க அதைத் திராட்சைன்னு நினைச்சீங்களாமே."

மாரத் தன் குற்றமின்மை நிரூபணமானதில் மகிழ்வதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார்.

"கல்முர்ஸா அண்ணன் ஒன்பதரை வரைக்கும் வாசல்ல தொப்பிச் சண்டையில இருந்தார். மிச்சம் இந்தப் பிரிவுல ரெண்டு பேர். இவளே எடுத்திருந்தா, தன்னையே கெட்டவள்னு காட்டுற புழுக்கையை எதுக்கு வைக்கணும்? யாரையும் கேக்காம எதுக்குப் போலீஸைக் கூப்பிடணும்?"

"யூகம்" என்றார் பேராசிரியர்.

"யூகம்தான். அதனால ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். கோட்டைக் கொஞ்சம் கழட்டுங்க அகாய்."

அவர் கழற்றவில்லை. கேப்டனே கிட்டப் போய்க் கீழ்விளிம்பைப் புரட்டினார். "பென்சில்னு சொன்னீங்க. பென்சில் இருக்கிற பை சுத்தம். ஈயத்தைப் பையில ஒளிச்சு வெச்சிருந்தா பைதான் கறுக்கும். பையும் சுத்தம். விளிம்போட உள்பக்கம் மட்டும் கறை. எங்க ஊர்ல ஒரே ஒரு வேலைக்குத்தான் அந்த இடம் அழுக்காகும்."

கல்முர்ஸா எழுந்து நின்றார். தன் அங்கி விளிம்பைப் பார்த்தார். பேராசிரியரின் விளிம்பைப் பார்த்தார்.

"துடைச்சிருக்கான்" என்றார் மெல்ல.

"ஆமாண்ணே. கண்ணாடிக்கு வெளியிலிருந்து மட்டும் பார்த்தவர் துடைச்சிருக்கார். நான் இதுல பிடிச்சது ஒண்ணே ஒண்ணுதான். ஒளிச்சு வைக்கிறவன் துடைக்க மாட்டான். ஆத்துல வீசுறவனும் துடைக்க மாட்டான். இன்னொருத்தன் கையில கொடுக்கிறவன்தான் துடைப்பான். அப்ப ஆடு யார் கைக்கோ போயிருக்கு. திரும்பி வராத தூரத்துக்குப் போற கையா இருக்கணும். ஒரு மணி விமானம்."

அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை முடிச்சை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ஈய ஆடு.

"லாயோஷ் பாவம், கேட்டதும் எடுத்துக் கொடுத்துட்டார். காலையில ஏழு மணிக்கு நீங்க ஹோட்டலுக்கு வந்து, 'சந்தையில வாங்கின நகல், என் ஞாபகமா வெச்சுக்கோங்க'ன்னு கொடுத்தீங்களாம். நேத்துப் பார்த்தது போலவே இருக்கேன்னு சந்தோஷப்பட்டாராம்."

அசில்கான் பேராசிரியரைப் பார்த்தாள். ஆறு வருடமாக அவரிடம்தான் படித்தாள். "ஏன் அகாய்? அடுத்த பதிப்புல சிலுவையை எடுத்திருக்கலாமே. ஒரு சின்னக் குறி."

"உனக்கு சின்னக் குறி." ஜுமகாசியின் குரல் உலர்ந்திருந்தது. "அது செத்துப்போச்சுன்னு எண்பத்தொன்பதுல நான்தான் முதல்ல எழுதினேன். அதை வெச்சுத்தான் பட்டம், அதை வெச்சுத்தான் இந்த நாற்காலி. நீ மூணு நாள் சாணி அள்ளிட்டு வந்து அதை உயிரோட மேசையில வைக்கிறே. அந்த ஹங்கேரிக்காரன் என்னைப் பார்த்து, 'நீங்க கடைசியா எப்ப மலைக்குப் போனீங்க'ன்னு கேக்கறான்."

"அதுக்கு என் மேல புழுக்கையை வெச்சீங்களா?"

"யார் மேலயும் வெக்கல. இடையன் பார்த்தா பயந்து பேசாம போயிடுவான்னு நினைச்சேன்." அவர் கல்முர்ஸாவைப் பார்க்கவில்லை.

"நம்பிக்கை இல்லாதவர் எதுக்கு அகாய் துடைச்சீங்க?" என்றார் கேப்டன்.

அவர் தன் கோட்டு விளிம்பைக் குனிந்து பார்த்தார்.

"தெரியல. கை தானாப் போச்சு."

கேப்டன் தன் தொப்பியை எடுத்துக்கொண்டார். "கிளம்பலாம்."

"எங்க கிளம்பறது?" மாரத் வாசலை மறித்து நின்றார். தன் வாழ்நாளில் அவர் ஒரு விஷயத்தை இவ்வளவு தெளிவாகச் சிந்தித்தது இதுவே முதல்முறை. "அந்த ஆடு எங்க பொருள் பதிவேட்டுல இல்ல. இந்தப் பொண்ணு வார்த்தையை நம்பி வந்த இரவல். பதிவேட்டுல இல்லாத பொருள் எப்படித் திருட்டுப் போகும்? பொருளும் வந்தாச்சு. புகார் கொடுக்கிறீங்களா பாய்கே? கொடுத்தா விசாரணை முடியற வரைக்கும் ஆடு போலீஸ் அலமாரியில. ஆறு மாசமோ ஒரு வருஷமோ."

எல்லோரும் கல்முர்ஸாவைப் பார்த்தார்கள்.

அவர் ஈய ஆட்டை எடுத்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார். "மந்தை சனிக்கிழமை இறங்குது" என்றார்.

கேப்டன் ஷாயிர்குல் தொப்பியை இரண்டு சுற்று சுற்றினார். பிறகு, பெண்கள் சொல்லக் கூடாது என்று அகராதி குறிப்பிடும் ஒரு சொல்லைத் தெளிவாகச் சொல்லிவிட்டு மாடியிலிருந்து இறங்கிப் போனார்.

மாலை ஐந்து மணிக்கு விழா குறித்த நேரத்தில் தொடங்கியது. மந்திரி பேராசிரியர் ஜுமகாசிக்குப் பொன்சரிகை அங்கி போர்த்தினார். புது அங்கி, உள்துணி பளிச்சென்று இருந்தது. நம் சொற்கள் சாவதில்லை என்று பேராசிரியர் பேசினார். கைதட்டல் ஓயச் சற்று நேரம் ஆனது. விருந்தில் மரியாதைக்குரிய ஆட்டுத் தலை மந்திரிக்கு வைக்கப்பட்டது. அனுமதி பெறாமல் வெளி அமைப்பைத் தொடர்புகொண்டதற்காக அசில்கானுக்கு எச்சரிக்கைக் கடிதம் வைக்கப்பட்டது.

அவள் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. வேன் நிலையத்தில் இருந்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. அத்-பாஷி பக்கம் போகும் நாரின் வேனில் இன்னும் இரண்டு ஆள் சேர வேண்டும் என்று ஓட்டுநர் கத்திக்கொண்டிருந்தான்.

கல்முர்ஸா படியருகே நின்றார். அங்கிக்குள்ளிருந்து ஆட்டை எடுத்தார். அதன் முகத்தில் மூன்று முறை மூச்சு விட்டார். தொப்பியின் விளிம்பிலிருந்து ஒரு கம்பளி இழையைப் பிடுங்கி, அதன் கழுத்தில் சுற்றி, முடிச்சுப் போடாமல், நுனியைப் பல்லால் கடித்து அழுத்தினார். அவள் இப்படி ஒன்றைப் படித்ததில்லை. கேட்டதில்லை. அகராதிக்கு எழுதிய எந்தச் சொல் அட்டையிலும் இல்லை.

"பாய்கே." வாய் தன்னால் திறந்துகொண்டது. "இப்ப செஞ்சீங்களே, அதுக்கு என்ன பேரு?"

கல்முர்ஸா அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. வழி கேட்கும் வெளியூர் ஆளைப் பார்ப்பதுபோல இருந்தது.

"அதுக்குப் பேரெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றார். "குளிர்ல நிக்காதீங்க. வீட்டுக்குப் போங்க."

ஏறி உட்கார்ந்தார். கதவு சாத்திக்கொண்டது. பக்கத்து இருக்கைக்காரன் அந்தக் கம்பளி இழையைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டான். கல்முர்ஸா அவனுக்குப் பதில் சொன்னார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வரவில்லை. உதடு ஒருமுறை குவிந்து பிரிந்தது. சின்னச் சொல்.

வேன் கிளம்பியது.